சைக்கிள் அறையில் என்ன நடக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், முட்டிவலி மட்டும் கூடவே குடியிருக்கிறது, அதையும் விரட்டிவிட்டால் துணைக்கு ஆள் ஏது என்று விட்டுவைத்திருக்கிறேன். நீயும் சுகம் என்று போன வாரம் போனில் சொன்னாய், அதற்கு முந்தின வாரமும் அதே வார்த்தையை அதே ராகத்தில் சொன்னாய், அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். என்ன இது திடீரென்று கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் போதும், சரியாக அந்த இடத்தில் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. மற்ற நேரமெல்லாம் கணீரென்று கேட்கிற போன் நான் கேள்வி கேட்டால் மட்டும் கரகரக்கிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. அதனால் பொறுமையாக உட்கார்ந்து படி, முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் படி.

உன் அக்கா வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். அவள் பெண்ணுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறார்கள், சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரிக்கிறது. அக்கா தினமும் காலையில் போன் செய்து கதவைப் பூட்டினியா, மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா என்று வரிசையாகக் கேட்கிறாள். ஒரு நாள் வேண்டுமென்றே, மாத்திரையைப் பூட்டிவிட்டேன், கதவைச் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். சரிம்மா, வெச்சுடறேன் என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை, ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரம். ஆனால் கேள்வி கேட்கிறவர் பதிலைக் காதில் வாங்கவில்லையென்றால் அந்தக் கேள்வி யாருடைய நிம்மதிக்காக என்று எனக்கு யோசனை போய்விடும். மாப்பிள்ளையும் கொஞ்ச நாளாகத் தித்திப்பாகப் பேசுகிறார். எதுக்கு அத்தை தனியா கஷ்டப்படறீங்க, எங்ககூட வந்துடுங்க என்கிறார். வாங்க, போயிட்டு வாங்க என்ற இரண்டே வார்த்தையில் இத்தனை வருஷம் என்னோடு உறவு நடத்திய மனிதர் அவர். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏதோ பேசி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளாக என்னை யாரும் வளர்க்கவில்லை, முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்ததில் கொஞ்சநஞ்சம் இருந்த வெள்ளை மனசும் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டடத்தில் ஒரு மர்மம் நடந்தது. அப்பா போன பிறகு நான் இங்கே குடிவந்தபோது நீ இரண்டு நாள்தான் தங்கினாய், முற்றத்தைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய். நாலு மாடி, லிஃப்ட் இல்லை, நடுவில் சிமென்ட் முற்றம், அதன் ஓரத்தில் ஒரு நீளமான அறை. சைக்கிள் நிறுத்துவதற்காக அந்தக் காலத்தில் கட்டியது, இப்போது இங்கே யாரிடமும் சைக்கிள் இல்லை. இரண்டாம் மாடியில் என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த அறையின் கதவும் ஜன்னலும் கண்ணுக்கு நேரே கீழே தெரியும். வந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த கதவு ஒரு சாயங்காலம் திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. முதலில் கீழ்த்தளத்தில் இருக்கிற லிஃப்ட்காரர் உள்ளே போனார். லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக் அவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கிறார், அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கையில் ஒரு பை. கொஞ்ச நேரம் கழித்து மேல்மாடியில் தனியாக இருக்கிற நர்ஸ் பெண் போனாள், அவள் கையிலும் பை. பிறகு பேக்கரியில் வேலை பார்க்கிற தடித்த மனிதர், பிறகு இன்னும் நாலைந்து பேர், எல்லார் கையிலும் பை. சேர்ந்து வரவில்லை, ஒவ்வொருவராக, தெரியாதவர்கள் போல வந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதேபோல ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகும்போது தொங்கிய பை வரும்போது வீசி வீசி ஆடியது. பை ஆடினால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். கனமாகப் போனது என்ன, காலியாக வந்தது ஏன், நீயே சொல்.

அடுத்த நாளும் அப்படியே. நான் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். குடியாக இருக்குமோ என்று பார்த்தேன், ஒருவர் நடையிலும் தள்ளாட்டம் இல்லை. சீட்டாட்டம் என்றால் தோற்றவன் முகம் ஒன்றாவது தொங்கியிருக்கவேண்டும், தொங்கவில்லை. ஒன்றை வாங்கி நாலு பேரைச் சேர்த்துவிடு என்கிற வியாபாரமோ என்று நினைத்தேன், அப்படியென்றால் இதற்குள் என் கதவைத் தட்டியிருப்பார்கள், அவர்கள் செத்த வீட்டையும் விடமாட்டார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம் வந்தது, அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் என்னை ரொம்பக் குடைந்தது. மூன்றாவதோ நாலாவதோ நாள், அந்த ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டார்கள். மடியில் கனம் இல்லாதவன் ஜன்னலுக்குத் திரை போடுவானா. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அதோடு அந்த நர்ஸ் பெண் வேறு, படிக்கட்டில் எதிரே வரும்போதெல்லாம் நின்று, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்பாள். அறிமுகமில்லாத வயசானவளிடம் இத்தனை அக்கறை எதற்கு. நீ ஏற்பாடு செய்த ஆளோ என்று ஒரு பக்கம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்கிறாளோ என்று இன்னொரு பக்கம். ஆச்சும்மா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவேன்.

கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு சாயங்காலம் கீழே இறங்கினேன். சும்மா போனால் சந்தேகப்படுவார்கள் என்று குப்பை வாளியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கதவருகே நின்று காது கொடுத்தேன். உள்ளே கரண்டிச் சத்தம். நான் நன்றாகச் சாய்ந்து கேட்பதற்குள் கதவு திறந்துகொண்டது, தண்ணீர் ஜாடியோடு லிஃப்ட்காரர் நிற்கிறார். கையும் களவுமாக எத்தனை பேரைப் பிடித்திருப்பேன், அன்றைக்கு நான் பிடிபட்டேன். அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வாங்கம்மா, என்ன கொண்டுவந்திருக்கீங்க என்றார். வெங்காயத் தோலும் முட்டை ஓடும் என்று எப்படிச் சொல்வது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டிருந்தது, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டப்பா, அவரவர் சாப்பாடு. ஒருத்தர் சோறு, ஒருத்தர் ரொட்டி, நர்ஸ் பெண் ஆறிப்போன சூப்பை டப்பாவோடு குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதுக்கா இத்தனை என்று நீ சிரிப்பாய். நான் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு, எல்லாருக்கும் வீட்டுல அடுப்பு மேஜை எல்லாம் இருக்கும்போது எதுக்கு இங்க வந்து சாப்பிடறீங்க என்று நின்றபடியே கேட்டேன், குரல் பழைய பஸ் குரலாகவே வந்தது. லிஃப்ட்காரர்தான் பதில் சொன்னார். வீட்டில் ஒண்டியாளாக அடுப்படியிலேயே நின்று சட்டியிலிருந்து சாப்பிடுவது அவர் வழக்கம். ஒரு நாள் கவளம் தொண்டையில் மாட்டிக்கொண்டது, மூச்சு போகவில்லை, முதுகில் தட்ட ஆள் இல்லை, சுவரில் முதுகை மோதி மோதித்தான் அது இறங்கியதாம். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள தனியா வாயில சோறு வைக்கவே பயமாயிருச்சுங்க, தட்டத் தூக்கிட்டு வந்து முத்தத்துப் படியில உக்காந்தேன், டூட்டி முடிஞ்சு வந்த நர்ஸம்மா என்னப் பாத்துட்டு அவங்க டப்பாவையும் அங்கயே தொறந்தாங்க, மழை வந்துச்சு, பூட்டத் தொறந்து இந்த ரூமுக்குள்ள வந்தோம், அப்புறம் ஒவ்வொருத்தரா சேந்தாங்க, அவ்வளவுதான் என்றார். அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுவர வேண்டும், யாரும் யாருக்கும் சமைக்க வேண்டாம், ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போகவேண்டும், இதுதான் அவர்கள் சட்டம். சட்டம் என்று ஒன்று இருந்ததில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனாலும் விடவில்லை, அப்ப ஜன்னலுக்கு எதுக்குப் பேப்பர் என்றேன்.

நர்ஸ் பெண் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர்தான், மனுஷனுக்கு மறைக்கத் தெரியாது, வாயில் ரொட்டியோடு சொல்லிவிட்டார். மேல ரெண்டாவது மாடில ஒரு ஜன்னல் இருக்குதும்மா, அதுல எப்பவும் ஒரு கண்ணு இருக்கு, கட்டடத்துச் சொந்தக்காரர் வெச்ச ஆளுன்னு நெனச்சோம், ரூமப் பூட்டிருவாங்களோன்னு ஒரு பயம் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஜன்னல் யாருடையது என்று அவருக்கு உறைத்தது. ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். லிஃப்ட்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க என்றார். எல்லார் கையிலும் டப்பா இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டிக்கெட் இல்லாமல் ஏறினவள் மாதிரி நின்றேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன், வாளியைக்கூட எடுக்கவில்லை.

வந்து சமையலறையில் விளக்கைப் போடாமல் வெகுநேரம் நின்றேன். அவர்கள் திருடர்கள் என்று நான் காவல் இருந்தேன், நான் ஒற்றன் என்று அவர்கள் காவல் இருந்தார்கள். எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நான் பஸ்ஸில் ஏறினால் சட்டென்று பேச்சு நின்றுவிடும், அழுகிற குழந்தைகூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், எடுத்தவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான், ஆனால் இரண்டு பேருமே என்னிடம் பேசமாட்டார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உன் அப்பா மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பயப்படாதவர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் நான் எங்கே போனாலும் அந்த பஸ்ஸில் ஏறுகிற மாதிரியேதான் ஏறிக்கொண்டிருக்கிறேன், கடையில், மாடிப்படியில், உங்கள் வீட்டில்கூட. நான் போகிற இடமெல்லாம் பேச்சு நின்றுபோகிறதே, இங்கே யாருக்கும் பேசவே தெரியாது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசு கஷ்டப்பட்டது என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய், ஆனால் பட்டது.

மறுநாள் என் டப்பாவில் சோற்றைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, துப்புத் துலக்கத்தான் போனேன். இத்தனை பேர் எந்த லாபமும் இல்லாமல் ஒரு அறையில் கூடுவார்களா, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் குட்டு வெளிப்படும் என்று காத்திருந்தேன். என் குப்பை வாளியை யாரோ கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், அதிலும் எனக்கு ஒரு சந்தேகம், குப்பையைக் கிளறிப் பார்த்திருப்பார்களோ என்று. முதல் சில நாள் யாருக்கும் பேச்சு ஓடவில்லை, என்னால்தான். அப்புறம் என் பழைய வேலையைக் கேள்விப்பட்ட பேக்கரிக்காரர் ஒரு நாள், செக்கிங் அம்மா, உங்க சோத்துல உப்பு இருக்கான்னு யாரு செக் பண்ணுவாங்க என்று கேட்டார். நான் முறைத்தேன். முறைத்துக்கொண்டே இருக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் மேல்தான் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம், ஏனென்றால் அவர் தனிக்கட்டை இல்லை, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். சட்டத்தை மீறி ஒரு நாள் கேட்டேவிட்டேன். வீட்டுல நாலு பேரு இருக்கோம்மா, நாலு மூலையும் இருக்கு என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பெரியவளை நாளைக்கு இங்க கூட்டிட்டு வரட்டுமா என்றார். கூட்டிவந்தார், அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது, மூன்றாவது நாள் போனைக் கவிழ்த்து வைத்தது. இப்போது மனைவியும் வருகிறாள். யாரும் என்னிடம் எதையும் விற்கவில்லை, எதிலும் சேரச் சொல்லவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை, நீ மட்டும்தான் மறைக்கலாமா. இரண்டு நாள் கீழே போகவில்லை. இரண்டாவது நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். கதவிலிருக்கிற கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் லிஃப்ட்காரரும் நர்ஸ் பெண்ணும் நிற்கிறார்கள். சொன்னால் நீ திட்டுவாய், ஆனாலும் சொல்கிறேன், தனியாகப் படுத்திருக்கிறவள் வீட்டை நோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. புத்தி அப்படியே பழகிவிட்டது. எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க என்று உள்ளேயிருந்தே சொன்னேன். நர்ஸ் பெண், கதவத் தொறக்க வேண்டாம்மா, ரெண்டு தடவ இருமுங்க, சத்தத்த மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன் என்றாள். இருமினேன். நெஞ்சுல சளி கட்டலை, பயமில்லை என்றாள். போய்விடுவார்கள் என்று துளை வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. லிஃப்ட்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவள் அவருக்கு மேல்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர் குடும்பமும் ஏறி வந்தது, மற்றவர்களும் வந்தார்கள், படிக்கு ஒருவராக வரிசையாக உட்கார்ந்து, என் கதவுக்கு வெளியே, அவரவர் சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரோ ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளேயே தூங்கிப்போன கதையை லிஃப்ட்காரர் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அடுப்பில் கஞ்சி இருந்தது, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து குடித்தேன். பாதிக் கஞ்சி இருக்கும்போது தாழ்ப்பாளை எடுத்தேன். யாரும் திரும்பிப் பார்த்து அதிசயப்படவில்லை, பேக்கரிக்காரர் பெண் மட்டும் காலை மடக்கிக் கொஞ்சம் இடம் விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, காய்ச்சல் என்று துடைத்துக்கொண்டேன்.

இப்போது உன் விஷயம். நான் நாலு மாதமாக உன்னைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். மருமகளிடம் கொடு என்றால் அவள் குளிக்கிறாள், இல்லையென்றால் கடைக்குப் போயிருக்கிறாள், இல்லையென்றால் தலைவலி என்று படுத்திருக்கிறாள். இத்தனை குளித்தால் அந்தப் பெண் கரைந்துபோயிருக்கும். உன் குரல் எதிரொலிக்கிறது, திரைச்சீலையும் அலமாரியும் இருக்கிற வீட்டில் குரல் அப்படிச் சுவரில் மோதித் திரும்பாது. நண்பர்கள் வந்திருக்காங்கம்மா, அப்புறம் பேசறேன் என்கிறாய், பின்னால் சிரிப்புச் சத்தமும் கேட்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிற்கிறது. மனுஷர்கள் அப்படிச் சிரிக்கமாட்டார்கள், ஒருத்தன் முந்துவான், ஒருத்தி கடைசியில் தனியாக இழுப்பாள். அது டிவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அதுவும் என்னிடம்.

கோபப்படாதே, நேற்று மருமகளுக்கு நானே போன் செய்தேன். பையன் பக்கம் பேச வந்த மாமியார் என்று நினைத்திருப்பாள், அத்தை என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். நான் எதுவும் விசாரிக்கவில்லை. சாப்டியாம்மா என்று மட்டும் கேட்டேன், பதில் வரும்வரைக்கும் காத்திருந்தேன். அழுதுவிட்டாள். நீங்க இனிமே எனக்குப் போனே பண்ணமாட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை என்றாள். அவர்மேல தப்பில்ல, ஒரே வீட்டுக்குள்ள தனித்தனியா இருந்தோம், இப்ப ரெண்டு வீட்டுல தனித்தனியா இருக்கோம், அவர் வேலை முடிஞ்சு வந்தா வாயத் தொறக்கமாட்டார், நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் கேக்கறத விட்டுட்டேன் என்றாள். நீங்கள் மறுபடி சேர்வீர்களா மாட்டீர்களா என்று அவளிடம் நான் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை, அது உங்கள் இரண்டு பேர் விஷயம். அவளுக்கு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன், அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

எனக்கு உன்மேல் வருத்தம் அவள் போனதில் இல்லை. அதை மறைக்க ஒரு டிவியைச் சிரிக்கவைத்துக்கொண்டு அதன் முன்னால் நீ ஒருவனாக உட்கார்ந்திருக்கிறாயே, அதில்தான். அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பாய், இல்லையென்றால் அம்மா குடைந்து எடுத்துவிடுவாள் என்று பயந்திருப்பாய், இரண்டாவதுதான் என்று என் மனசு சொல்கிறது. வாயைத் திறக்காமல் இருப்பதை நீ என்னிடமிருந்துதான் கற்றிருக்கவேண்டும், உன் அப்பா சுவரோடும் பேசுவார். இதை உட்கார்ந்து யோசித்துப் பார், யார்மேல் தப்பு என்று கணக்குப் போடுவதற்காக இல்லை, நீ ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு தொடர்கிறதா நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. எனக்கு அது தெரிய இந்த வயசாகிவிட்டது, உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன வருஷம் நீ ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாய், உன் ஆபீஸ் கேன்டீனில் தினமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவர், யாராவது பக்கத்தில் வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று. நாளைக்கு அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார். பேசவேண்டாம், சும்மா சாப்பிடு. எழுந்து போனால் போகட்டும், மறுநாளும் உட்கார். அவர் ஏமாற்றுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பாய், என் பிள்ளையல்லவா. பர்ஸை உள்பையில் வைத்துக்கொள், ஆனால் உட்கார்.

இன்னொன்று. அடுத்த மாதம் அங்கே வரலாம் என்று நினைத்திருக்கிறேன். உன்னோடு குடியிருக்க இல்லை, மூன்று வாரம், அவ்வளவுதான். அதற்குமேல் இங்கே என்னைத் தேடுவார்கள், அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கே புதுசாக இருக்கிறது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டு நான் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை. நிறுத்தத்தில் மரத்துக்குப் பின்னால் நின்று, பஸ் கிளம்புகிற நேரத்தில் ஏறினால்தான் உண்மை தெரியும் என்று நம்பியவள். உன் வீட்டுக்கும் அப்படித் திடுதிப்பென்று வந்து நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அக்காகூட அதான் சரி என்றாள். மனசு வரவில்லை. அதனால் கேட்கிறேன், வரட்டுமா. வா என்றால் வருகிறேன். இப்ப வேண்டாம்மா, கொஞ்ச நாள் போகட்டும் என்றால் போகட்டும், ஏன், எதற்கு, வேறு யார் இருக்கிறார்கள் என்று துருவமாட்டேன். நீ எழுதுவது எதுவானாலும் அதை அப்படியே நம்புவேன். அம்மாவால் அது முடியுமா என்று உனக்குச் சந்தேகம் வரும். எனக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் நம்புவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாலு பேர் நடுவில், நல்ல பசியோடு, நீண்ட காலம் நீ நன்றாக இருக்கவேண்டும், மருமகளும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும், அதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். குளிருக்குக் கழுத்தில் ஏதாவது சுற்றிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயசிலிருந்தே தொண்டைதான் முதலில் பிடிக்கும். பதிலைக் கையால் எழுது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா